ஹலோ, பூட்டா?

துருதுருவின் பதினோராவது பிறந்த நாளுக்கு அப்பா ஒரு போன் வாங்கி வந்தார்.

பெட்டியை அவள் அவசர அவசரமாகப் பிரித்தாள். ஒரு வருஷமாக நச்சரித்துக் கேட்ட போன் அல்லவா? வகுப்பில் பாதிப் பேரிடம் போன் இருக்கிறது. அவளுடைய தோழி பட்டாசு வைத்திருக்கும் போனில் நிலாவைக்கூடக் கிட்டத்தில் இழுத்துப் படம் எடுக்கலாம்.

மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக, கட்டையாக, சோப்புக்கட்டி அளவில் ஏதோ ஒன்று படுத்திருந்தது. உடம்பு முழுக்கப் பொத்தான்கள்.

"அப்பா, இது டிவி ரிமோட்டா?"

"போன்தாம்மா. பட்டன் போன்."

துருதுருவின் முகம் தொங்கிவிட்டது. தம்பி பொடியன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு நான்கு வயது. குட்டித் திரையின்மேல் விரலை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தான்.

"அக்கா, இது நகர மாட்டேங்குது. தூங்குதா?"

"அதுக்குத் தேய்ச்சா புரியாதுடா. அமுக்கினாத்தான் புரியும்" என்றார் அப்பா. "என்கிட்ட இருக்கறதும் இதே மாதிரிதான். ஏழாவது மாடியிலேர்ந்து லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துச்சு. எடுத்துத் துடைச்சிட்டு உங்கம்மாவுக்குப் போன் பண்ணேன், பேசுச்சு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு கட்டடமாவது ஏறி இறங்குவார்.

"பேசுச்சு, பேசுச்சு. 'நான் விழல, போன்தான் விழுந்துச்சு'ன்னு ஆரம்பிச்சீங்க. எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு" என்றார் அம்மா.

அம்மா சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நாலிலிருந்து ஆறு வரை துருதுருவும் பொடியனும்தான் வீட்டில். எதிர்வீட்டு அத்தை தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கண் பார்த்துக்கொள்வார்.

"ஏதாவதுன்னா நீ எனக்குப் பேசணும், நான் உனக்குப் பேசணும். அதுக்குத்தான் இது" என்றார் அம்மா. "படம் பாக்க இல்ல."

துருதுரு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். ரொம்பக் கட்டையாக இருந்ததால் கழுத்து வலித்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பட்டாசு அவளை விடவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் சரம் வெடிப்பது மாதிரிதான் இருக்கும்.

"போன் வந்துடுச்சா? கலர் என்ன? போட்டோ எடுக்குமா?"

"எடுக்காது."

"வீடியோ கால்?"

"வராது."

"கேம்?"

"ஒரு பாம்பு இருக்கு. அதுவும் கறுப்பா."

பட்டாசு சற்று யோசித்தாள். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

"அப்போ அது என்னதான் செய்யும்?"

"மணி அடிக்கும்" என்றாள் துருதுரு.

அது உண்மைதான். அன்று மாலை நாலேகாலுக்கு அது மணி அடித்தது. சும்மா இல்லை, தீயணைப்பு வண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது போல அடித்தது. பொடியன் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

துருதுரு பச்சைப் பொத்தானை அமுக்கினாள். "ஹலோ?"

"ஹலோ, பூட்டா?" என்றது ஓர் ஆண் குரல்.

"இல்லங்க. நான் பொண்ணு."

"அதில்லம்மா. பூட்டு ரிப்பேர் பண்ற இடமா?"

"இல்லங்க, இது வீடு."

"என்னுதும் வீட்டுப் பூட்டுதாம்மா. சாவி உள்ளயே உடைஞ்சு போச்சு. எப்போ வருவீங்க?"

தவறான நம்பர் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் துருதுருவுக்கு வியர்த்துவிட்டது. வைத்த கையோடு மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை ஓர் அக்கா. பால்கனியில் துணி காயப்போடப் போனாராம். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டதாம்.

"சீக்கிரம் வாங்க, அடுப்புல பால் இருக்கு!"

"அக்கா, நான் பூட்டுக்காரர் இல்ல. அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து இப்போதான் ஆறுக்கு வந்திருக்கேன்."

"அய்யோ! அப்போ யாரைக் கூப்பிடறது?"

"உங்க பக்கத்து வீட்டுக்காரங்க பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க" என்றாள் துருதுரு. பால்கனி அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே கூப்பிட்டார். துருதுருவின் காது அடைத்துவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். பாலும் பிழைத்தது.

அன்று மட்டும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். அடுத்த நாள் நாலு பேர். சைக்கிள் சாவியைத் தொலைத்தவர், பீரோ திறக்காதவர், பெட்டிச் சாவியை எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டு அந்த இடத்தை மறந்தவர். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"ஹலோ, பூட்டா?"

அந்த நாலாவது ஆள் கூப்பிட்டபோது துருதுரு வீட்டுப்பாடத்தில் ஒரு பெரிய வகுத்தல் கணக்கின் நடுவில் இருந்தாள். மீதி என்ன என்பதே மறந்துவிட்டது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது பூட்டும் இல்ல, சாவியும் இல்ல! சும்மா சும்மா கூப்பிடாதீங்க!"

மறுமுனையில் ஒரு பெண்மணி மெதுவாகச் சொன்னார். "அப்படியா... மன்னிச்சுக்கம்மா. மழை கொட்டுது, வெளியில நிக்கறேன். அதான்."

போன் வைக்கப்பட்டது.

துருதுரு ஜன்னலைப் பார்த்தாள். ஆமாம், நல்ல மழை. கணக்கு அதற்குப் பிறகு ஓடவே இல்லை. பென்சிலைக் கடித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். கடைசியில் போனை எடுத்து, கடைசியாக வந்த நம்பரையே அமுக்கினாள்.

"ஹலோ... இப்போ கத்தினது நான்தான். சாரி. உள்ள போயிட்டீங்களா?"

அந்தப் பெண்மணி சிரித்தார். "போயிட்டேன், போயிட்டேன். வாட்ச்மேன்கிட்ட இன்னொரு சாவி இருந்துச்சு. நான் நூலகத்துல வேலை பாக்கறேம்மா. சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டு வெளியில நின்னுட்டு இருந்தேன். என்னை மாதிரி புத்திசாலி யாராவது இருப்பாங்களா?"

துருதுருவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"எங்க கேட்டுலயே ஒட்டியிருக்கே. 'சாவி தொலைந்துவிட்டதா? ஒரு போன் போதும்!'னு. ஊரெல்லாம் ஒட்டியிருக்காரு போல."

இரவு சாப்பிடும்போது துருதுரு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

"யாரோ ஒரு பூட்டுக்காரரோட பழைய நம்பர் அது. மாசக்கணக்குல ரீசார்ஜ் பண்ணலேன்னா நம்பர் போயிடும். அப்புறம் அதை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. நமக்கு வந்திருக்கு."

"தொல்லைதான். சனிக்கிழமை வேற நம்பர் மாத்திடலாம்" என்றார் அம்மா.

துருதுரு தலையாட்டினாள். ஆனால் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, இவங்க எல்லாரும் என்னைக் கூப்பிடறாங்கன்னா, அவரை யாருமே கூப்பிடறதில்லையா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"அவர் ஒரு இடத்துல உக்காந்துகிட்டு, 'என்னடா இது, ஊர்ல யாருக்குமே சாவி தொலையலையா'ன்னு போனையே பாத்துட்டு இருப்பார்ல?"

"இருப்பாரு" என்றார் அப்பா மெதுவாக.

"அப்போ சனிக்கிழமைக்குள்ள அவரை நான் கண்டுபிடிக்கறேன்."

புதன்கிழமை அவள் பட்டாசிடம் உதவி கேட்டாள். பட்டாசு தன் போனை எடுத்து இரண்டே நொடியில் தேடிவிட்டாள்.

"கிடைச்சுடுச்சு! பூட்டு ரிப்பேர், சாவி போடுதல். இதோ நம்பர். எழுதிக்கோ."

துருதுரு எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். "ஏய், இது என் நம்பர்டி!"

பட்டாசு வேறு மாதிரி தேடினாள். மறுபடியும் துருதுருவின் நம்பரே வந்தது. மேலும் தேடினாள். நம்பரோடு ஒரு பெரிய பூட்டின் படமும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"இதுக்கு மேல என் போனுக்குத் தெரியாது" என்றாள் பட்டாசு. அவள் அப்படிச் சொல்லி யாருமே கேட்டதில்லை.

அன்றிலிருந்து துருதுரு தவறான நம்பர் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். மணி அடித்ததும் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வாள். அவளுடைய போன் கடைசிப் பத்து நம்பரைத்தான் ஞாபகம் வைத்திருக்கும், பதினொன்றாவது வந்தால் முதலாவதை மறந்துவிடும். அதனால் நம்பரையும் எழுதிக்கொள்வாள். ஏற்கெனவே கூப்பிட்டவர்களின் நம்பரையும் நோட்டில் ஏற்றி, அவர்களிடமும் பேசினாள்.

"பூட்டுக்காரரைத்தான் நானும் தேடறேன். கிடைச்சா உங்களுக்குச் சொல்றேன். நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா?"

ஆச்சரியம்! கோபமாகக் கூப்பிட்டவர்கள்கூட இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னார்கள். பீரோ மாமா போன வருஷம் அவரைப் பார்த்திருந்தார். "நல்ல உயரம். ஒல்லி. நம்ம வீட்டு வாசல்ல தலையை இடிச்சுக்கிட்டார்." பழச்சாறுக் கடைக்காரர் இன்னும் நன்றாகச் சொன்னார். "வேலை செய்யும்போது விசில் அடிப்பாரும்மா. அடிக்கறது அவருக்கே தெரியாது. நிறுத்தச் சொன்னா, 'யாரு, நானா?'ம்பாரு."

வியாழக்கிழமை பேசியவர் சைக்கிள் கடைக்காரர். அவர்தான் முக்கியமான சேதியைச் சொன்னார். "அவரா? மார்க்கெட் பின்னாடி உக்காந்திருப்பார். அஞ்சு மாசம் முன்னாடி படியில வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு. அப்புறம் ஆளையே காணோம். இப்போ தேவலையாகி, தாங்கித் தாங்கி நடக்கறார்னு யாரோ சொன்னாங்க. எங்கன்னுதான் தெரியல."

துருதுரு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அதற்குக் கீழே படமும் வரைந்தாள். நீளமான மனிதர், வாயில் விசில், ஒரு காலில் கட்டு. பொடியன் அதற்கு மீசை வைத்தான்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இன்னும் ஒரு நாள்தான்.

மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. போன் அலறியது. துருதுரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ, பூட்டுக்கார மாமாவா?"

ஒரு சின்னப் பையனின் குரல். அவன் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் தட தடவென்று ஏதோ சத்தம். அதற்கும் பின்னால், மெல்லியதாக, ஒரு குழந்தையின் அழுகை.

"மாமா இல்ல, அக்கா பேசறேன். என்ன ஆச்சு?"

"எங்க தங்கச்சி ரூமுக்குள்ள பூட்டிக்கிச்சு. கதவுல உருண்டையா பிடி இருக்கும்ல, அதுல பட்டனை அமுக்கிடுச்சு. சாவியும் உள்ளதான் இருக்கு. அதுக்கு ஒரு வயசுதான். எங்கப்பா கதவை உடைக்கப் போறார்!"

"தங்கச்சி உள்ள எங்க இருக்கு?"

"கதவை ஒட்டியே உக்காந்து அழுது. அடியில அதோட விரல் தெரியுது."

கதவு உடைந்து உள்ளே விழுந்தால் யார்மேல் விழும்?

"தம்பி, போனை உங்கப்பாகிட்ட குடு. உடனே!"

ஓர் ஆண் குரல் மூச்சு வாங்கியது. "யாருங்க?"

"அங்கிள், உடைக்காதீங்க! பாப்பா கதவை ஒட்டி இருக்கு. கதவு அவமேலதான் விழும்."

தட தடவென்ற சத்தம் நின்றுவிட்டது. "ஆமா..." என்றார் அவர். "ஆமாம்மா. பதற்றத்துல அது தோணவே இல்ல. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருக்கேன். வேற பக்கம் போயிருக்காம், வர நேரமாகும்ங்கறாங்க. நீங்க ஆளை அனுப்பறீங்களா?"

"நான் பூட்டுக்காரர் இல்ல. அவர் நம்பர் தவறி எனக்கு வந்திருக்கு. ஆனா அவரைத் தேடிப் பிடிச்சு அனுப்பறேன். வீடு எங்க?"

"தண்ணித் தொட்டிக்கு எதிர்க் கட்டடம். மூணாவது மாடி."

சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். எதிர்வீட்டு அத்தையிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள். அத்தை வந்து பொடியனைப் பிடித்துக்கொள்ள, துருதுரு நோட்டைப் புரட்டினாள்.

சைக்கிள் கடை. 'டொய்ங், டொய்ங்.' வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பழச்சாறுக் கடை. அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. கூட்ட நேரம். பீரோ மாமா எடுத்தார். ஆனால் அவர் ஊரில் இல்லை, பஸ்ஸில் இருந்தார்.

அடுத்து யார்? நோட்டில் விரல் கீழே இறங்கியது. நூலகர் அக்கா. அவர் பூட்டுக்காரரைப் பார்த்ததே இல்லையே, ஒட்டியிருந்த காகிதத்தைத்தானே பார்த்தார்? இருந்தாலும் அமுக்கினாள்.

"அக்கா, நான்தான், அன்னைக்குக் கத்தினவ. அவசரம்! பூட்டுக்காரரைத் தேடறேன். உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது சொல்வாங்களா? உயரமா, ஒல்லியா இருப்பார். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். வேலை செய்யும்போது விசில் அடிப்பார், அவருக்கே தெரியாம..."

மறுமுனையில் ஏதோ புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"விசிலா?" என்றார் நூலகர். "கொஞ்சம் இரு."

காலடிச் சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு நூலகர், நூலகம் என்பதையும் மறந்து, உரக்க விசாரித்தது துருதுருவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, நீங்க பூட்டு வேலையா செய்யறீங்க?"

"ஆமாங்க. செஞ்சிட்டு இருந்தேன்."

நூலகர் போனுக்குத் திரும்பினார். "அட ஆண்டவா! பத்து நாளா இங்கதான் உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கார். நேத்துகூட 'இங்க விசில் அடிக்காதீங்க'ன்னு நான் திட்டினேன். 'யாரு, நானா?'ங்கறார்! இந்தா, பேசு."

"ஹலோ?" என்றது ஒரு கனமான, கூச்சமான குரல்.

"மாமா, உங்க நம்பர்லேர்ந்து பேசறேன்!"

"என் நம்பரா? அது எப்பவோ செத்துப் போச்சே, கண்ணு."

"சாகல, மாமா. என்கிட்ட நல்லாத்தான் இருக்கு. மீதியை அப்புறம் சொல்றேன். ஒரு வயசுப் பாப்பா ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சு. உருண்டைப் பிடிக் கதவு. தண்ணித் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், மூணாவது மாடி. போவீங்களா?"

ஒரு கணம்கூட ஆகவில்லை. "கருவிப் பை என்கிட்டதான் இருக்கு. வேலை இருக்கோ இல்லையோ, தினமும் எடுத்துட்டுதான் கிளம்புவேன். ஆனா இந்தக் காலோட நான் நடந்து போய்ச் சேர..."

"என் ஸ்கூட்டர்ல ஏறுங்க!" என்ற நூலகரின் குரல் பக்கத்தில் கேட்டது. "வாட்ச்மேன்! கொஞ்ச நேரம் பாத்துக்கோங்க!"

துருதுரு உடனே அந்தப் பையனைக் கூப்பிட்டாள். "பூட்டுக்காரர் வந்துட்டு இருக்கார். பாப்பா இன்னும் கதவுகிட்டயா?"

"ஆமாக்கா. நாங்க பேசப் பேச இன்னும் ஒட்டிக்குது. நகரவே மாட்டேங்குது. இப்போ திறந்தாலும் இடிச்சிடும்."

துருதுரு யோசித்தாள். கதவுப் பக்கம் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தால் குழந்தை அங்கேதான் உட்காரும். குரல் வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும்.

"அந்த ரூமுக்கு வேற ஜன்னல் ஏதாவது இருக்கா? உங்க வீட்டுக்குள்ளயே?"

"சமையல் ரூம்ல மேல ஒரு சின்ன ஓட்டை மாதிரி இருக்கு. காத்துக்கு."

"அது கதவுக்கு எதிர்ச் சுவரா?"

"ஆமா!"

"ஸ்பீக்கரைப் போட்டு, ஸ்டூல்ல ஏறி, போனை அந்த ஓட்டைகிட்ட பிடி. அப்பாவை ஸ்டூலைப் பிடிச்சுக்கச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் பேசவே கூடாது."

பிறகு அவள் திரும்பினாள். "பொடியா, வா இங்க. உனக்கு ஒரு பெரிய வேலை. பூனை மாதிரி கத்து."

பொடியன் சந்தேகமாகப் பார்த்தான். காலையில்தான் பூனை மாதிரி கத்தியதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தான். "நிஜமாவா?"

"நிஜமா. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

பொடியன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்தான்.

"மியா...வ்!"

அந்தக் கறுப்பு சோப்புக்கட்டி அதை வாங்கி, சிதறாமல், அப்படியே தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அழுகை நின்றது.

"மியாவ்? மியாவ் மியாவ்!" என்றான் பொடியன்.

மழலையில் ஒரு குரல் வந்தது. "மியா?"

எதிர்வீட்டு அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பொடியனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய பூனை, குட்டிப் பூனை, பசித்த பூனை, சளி பிடித்த பூனை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். ஒவ்வொரு முறையும் "மியா!" என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் அது இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"தவழ்ந்து வருது" என்று பையன் கிசுகிசுத்தான். "அக்கா, கதவை விட்டு வந்துடுச்சு. சுவர்கிட்ட நின்னு மேல பாக்குது!"

அப்போது போனில் வேறொரு சத்தமும் கலந்தது. மெல்லிய விசில். ஏதோ ஒரு குதூகலமான மெட்டு, நடுநடுவே கம்பி உரசும் ஓசை. இரண்டு நிமிஷம்கூட இருக்காது. 'டக்.'

பிறகு ஒரே கூச்சல். யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

"திறந்துடுச்சு! அக்கா, திறந்துடுச்சு! எங்கப்பா தூக்கிக்கிட்டார். பாப்பா அவர் கையிலேர்ந்து இறங்கிப் பூனையைத் தேடுது!"

துருதுரு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொடியன் மட்டும் நிறுத்தவில்லை.

ஆறு மணிக்கு அம்மா உள்ளே நுழைந்தபோது மகள் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். மகன் போனைப் பார்த்துப் பூனையாகக் கத்திக்கொண்டிருந்தான். அத்தை சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் மட்டும் சொல்லுங்க" என்றார் அம்மா. மூவரும் சேர்ந்து சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை பூட்டுக்காரர் துருதுருவின் வீட்டுக்கு வந்தார். நிஜமாகவே உயரம். வாசலில் குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டார். நோட்டில் இருந்த தன் படத்தைப் பார்த்துவிட்டு, "மீசை மட்டும்தான் தப்பு" என்றார்.

"நாலு மாசம் கட்டில்லயே கெடந்தேன், கண்ணு. போன் ஞாபகமே இல்ல. எழுந்து நடந்தப்போ நம்பர் போயிடுச்சு. புது நம்பர் வாங்கினேன், ஆனா அது யாருக்குத் தெரியும்? ஒரு ஆள் கூப்பிடல. இந்த ஊருக்கு நாம வேண்டாம் போலன்னு நெனச்சுட்டேன்."

"வேண்டாமா? எனக்குக் காது வலிக்கற அளவுக்குக் கூப்பிட்டாங்க!" என்றாள் துருதுரு.

அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போன் கடைக்குப் போனார். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, பழைய நம்பரைப் பூட்டுக்காரர் பேருக்கே மாற்றியாயிற்று. துருதுருவின் போனுக்குப் புது நம்பர் வந்தது.

ஆனால் நோட்டில் இன்னும் ஏழு பேர் பாக்கி இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாளே? துருதுரு ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தாள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த பட்டாசு, தன் போனை மூலையில் வைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு நான் அமுக்கறேன்டி" என்று கெஞ்சி, மூன்று நம்பரை அமுக்கிவிட்டாள். பொத்தான்கள் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஹலோ, பால்கனி அக்காவா? பூட்டுக்காரர் கிடைச்சுட்டார்! இன்னைக்கே வருவார்."

"நிஜமாவா? அந்தக் கதவு மறுபடி சாத்திக்கும்னு பயந்து, அஞ்சு நாளா நடுவுல ஒரு நாற்காலியைப் போட்டு வச்சிருக்கேன். தினமும் தடுக்கி விழறேன்!"

பூட்டுக்காரர் ஏழு முகவரிகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை விசில் கேட்டது.

"இனிமே நீ டச் போன் கேக்க மாட்டியா?" என்றாள் பட்டாசு.

"கேப்பேன். அடுத்த பிறந்த நாளைக்குக் கட்டாயம் கேப்பேன்" என்றாள் துருதுரு. "இப்போ நேரமில்ல."

ஏனென்றால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் பூட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டார். "பால்கனிக் கதவு முடிஞ்சுது, கண்ணு." "பீரோ திறந்தாச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல!" "பெட்டிச் சாவி கிடைச்சுடுச்சு. அரிசி டப்பாவுல இருந்துச்சு." ஒவ்வொரு முறையும் துருதுரு நோட்டில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்தாள்.

மாலை ஆறு மணிக்கு ஏழாவது அழைப்பு வந்தது. பழச்சாறுக் கடையின் பின்கதவு. பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தத்தையும் மீறி அவர் கத்தினார். "முடிஞ்சுது! எல்லாம் முடிஞ்சுது! நாளைக்கு நாலு பேர் வரச் சொல்லியிருக்காங்க!"

துருதுரு பென்சிலை எடுத்து அந்தக் கடைசிப் பெயரின்மேல் இழுத்த இழுப்பில் தாளே கிழிந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே கிழிசலில் எட்டிப் பார்த்த அடுத்த பக்கத்திலும் ஒரு கோடு போட்டாள்.